ஆன்டிபாடி நெகட்டிவ், வைரஸ் 68 லட்சம்: சிறுநீரகம் மாற்றிய ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி

நோயாளிக்கு வயது 34. குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் வேலை. மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை, கூடவே அம்மா. சிறுநீரகம் மாற்றி ஐந்தாவது மாதம் வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது, கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்சைம் 146 என்று வந்தது. இந்த நிகழ்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கியிருந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ளச் சொல்லி அவரும் அவர் அம்மாவும் சம்மதம் கொடுத்தார்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் யாரோ ரத்த அழுத்தம் பார்க்க, 200/120. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 6-ஐத் தாண்டியிருந்தது, ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. அந்த நிலையில் பயாப்சி எடுத்தும் பயனில்லை என்பதால், எதனால் கெட்டது என்பது கடைசி வரை தெரியவில்லை. இப்படிக் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்கிற இளவயதுக்காரர்கள் எங்கள் பக்கம் நிறைய. சில வருஷம் மருந்தில் ஓட்டினார். அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 26 மாதம் டயாலிசிஸ். இடையில் அவர் போய்க்கொண்டிருந்த நிலையத்தில் ஆர்.ஓ. தண்ணீர் பிளான்ட் பழுதாகி, மூன்று வாரம் வேறோர் இடத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் இறங்கியபோது நான்கு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு 57 வயது அம்மா சிறுநீரகம் கொடுத்தார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள்: பேசிலிக்சிமாப் இரண்டு டோஸ், தொடர்ந்து டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன். எட்டாம் நாள் கிரியாட்டினின் 1.2-உடன் வீட்டுக்குப் போனார். மாற்று அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் மூன்றும் நெகட்டிவ். அந்தத் தாள் இப்போதும் அவர் பைலில் இருக்கிறது.

ஐந்தாம் மாதத்துக்கு வருவோம். எஸ்.ஜி.பி.டி. 146, எஸ்.ஜி.ஓ.டி. 98, பிலிருபின் 1.1. கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்று வலி இல்லை. கேட்டால், "கொஞ்சம் அசதியா இருக்குதுங் சார், வேற ஒண்ணுமில்லீங்" என்றார். தறி ஓட்டுகிறவருக்கு அசதி எப்போதும் உண்டு, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரியாட்டினின் 1.2, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் 7.6. அந்தக் கட்டத்துக்கு 6-லிருந்து 8-க்குள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம் என்பதால் அதுவும் சரி.

உறுப்பு மாற்றியவருக்குக் கல்லீரல் என்சைம் ஏறினால் முதலில் மருந்தின் மேல்தான் சந்தேகம் வரும். அவர் கிருமித் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் நிறுத்தினேன். சைட்டோமெகலோ வைரஸ் பி.சி.ஆர். நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டவர், ஆன்டிபாடி நன்றாக இருந்தது, பழைய தொற்றின் தடயமும் இல்லை. ஹெபடைடிஸ் ஈ பார்த்தோம், இல்லை. ஸ்கேனில் கல்லீரல் இயல்பாக இருந்தது. ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி, இந்த முறை உடனே முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட் இல்லாமல் ஆய்வகத்தில் செய்யும் எலிசாவிலேயே, நெகட்டிவ். சரி, மருந்தால்தான் என்று முடிவுகட்டி மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

அந்த மூன்று வாரம் என் தவறு. டயாலிசிஸில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர், இப்போது நோய் எதிர்ப்பை அடக்கும் மூன்று மருந்து சாப்பிடுகிறவர். இப்படிப்பட்டவரிடம் ஆன்டிபாடி சோதனை செய்வது, ஊமையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல. ஆன்டிபாடி என்பது உடம்பு வைரஸைப் பார்த்துப் போட்ட சத்தம். தொற்றிய பிறகு அந்தச் சத்தம் எழவே சாதாரண ஆளுக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இன்னும் தள்ளிப்போகும், சிலருக்கு எழாமலே போகும். அதன் மேல் நாமே வாயையும் கட்டிவிடுகிறோம். வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையை முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து எஸ்.ஜி.பி.டி. 171. அன்றைக்குத்தான் ஆர்.என்.ஏ. அனுப்பினேன். முடிவு வந்தது: ஒரு மில்லிலிட்டருக்கு 68 லட்சம் ஐ.யூ. ஜீனோடைப் 3, இந்தியாவில் அதிகம் காணப்படுகிற வகை. ஆன்டிபாடி நெகட்டிவ் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போது தொற்றியது? அம்மாவின் சிறுநீரகத்தோடு வந்ததா என்ற கேள்வியை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது, ஆனால் அந்த வீட்டுக்குச் செய்யும். அம்மாவுக்கு ஆர்.என்.ஏ. பார்த்தோம், இல்லை. மனைவிக்கும் இல்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. மாற்று அறுவைக்கு முன்னால், கொடுப்பவரும் பெறுபவரும் பொருந்துகிறார்களா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை செய்கிற ஆய்வகங்கள் நோயாளியின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், கொஞ்சத்தை உறைநிலையில் எடுத்து வைத்திருக்கும். கேட்டோம், இருந்தது. அறுவைக்கு மூன்று வாரம் முன்பு எடுத்த மாதிரி. அதில் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ்.

ஆக, வைரஸோடுதான் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருக்கிறார். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது கண்ணை உறுத்துகிற மாதிரி ஒன்று கிடைத்தது. டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அவருடைய எஸ்.ஜி.பி.டி. 12, 14, 11 என்றே ஓடியிருக்கிறது. கடைசி மூன்று மாதம் மட்டும் 31, 38, 36. ஆய்வகத் தாளில் 40 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். அதனால் யாரும், நானும், அதன் கீழே கோடு போடவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த என்சைம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். 12 இருந்த இடத்தில் 38 என்றால் மூன்று மடங்கு. தாளில் சிவப்பு எழுத்தில் வராததால் மனதிலும் பதியவில்லை.

எங்கே தொற்றியது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்த வங்கிகளில் சி வைரஸ் சோதனை கட்டாயம், ஆனாலும் ஆன்டிபாடி சோதனையில் தொற்றின் ஆரம்ப நாட்கள் தப்பிவிடும். டயாலிசிஸ் நிலையங்களில் இது பரவுவது பெரும்பாலும் மெஷின் வழியாக இல்லை, கை வழியாக. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினை ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பது, ஒருவருக்கு ஊசி போட்ட கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போவது, கொண்டுபோன டிரேயை அப்படியே அடுத்தவர் பக்கத்தில் வைப்பது. மூன்று ஷிப்டு நோயாளிகளை நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவசரத்தில் இதெல்லாம் நடக்கும். அவர் போன இரண்டு நிலையங்களுக்கும் கடிதம் எழுதி, எல்லோருக்கும் ஆர்.என்.ஏ. பார்க்கச் சொன்னேன். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது.

இந்த வைரஸை விட்டுவைத்தால் கல்லீரல் மட்டும் கெடுவதில்லை. மாற்றிய சிறுநீரகத்தில் புரதம் ஒழுக வைக்கும், சர்க்கரை நோயைக் கூட்டி வரும். அபூர்வமாகச் சிலருக்கு மாதக்கணக்கிலேயே கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும் கடுமையான வடிவமும் உண்டு. ஆனாலும் நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் வந்தால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். அன்றைக்கு இருந்த மருந்து இன்டர்பெரானும் ரிபாவிரினும். இன்டர்பெரான் நோய் எதிர்ப்பைத் தட்டி எழுப்பித்தான் வைரஸை அடிக்கும். எழுந்த எதிர்ப்பு வைரஸோடு நிற்குமா? புதுச் சிறுநீரகத்தையும் தாக்கும். கல்லீரலைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழந்து மறுபடி டயாலிசிஸுக்குப் போன ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. இந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1989-இல். அதற்கான நோபல் பரிசு ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் கிடைத்தது. இடைப்பட்ட 31 வருஷத்தில் முக்கால்வாசிக் காலம் உறுப்பு மாற்றியவர்களுக்கு நல்ல மருந்தே இல்லை.

2013 டிசம்பரில் அமெரிக்காவில், வைரஸை நேரடியாகத் தாக்கும் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதி பெற்றதும் நிலைமை மாறியது. அங்கே ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-இல் இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்து விலை தலைகீழாகச் சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். எங்கள் நோயாளியும் அரசு வழியாகத்தான் வாங்கினார்.

ஏன் ஒரே மருந்தாகக் கொடுக்காமல் சோபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் என்று இரண்டு? அவரும் இதைக் கேட்டார். ஏற்கெனவே நாளொன்றுக்குப் பதினான்கு மாத்திரை விழுங்குகிறவர், கேட்காமல் எப்படி இருப்பார்? இந்த வைரஸின் மரபுச்சரம் ஏறத்தாழ 9,600 எழுத்து நீளம். தொற்றிய ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு லட்சம் கோடி புது வைரஸ் உருவாகிறது. நகலெடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்த ஆளில்லை. ஆகவே எந்த ஓர் எழுத்து மாறினால் ஒரு மருந்து பலிக்காதோ, அந்த மாற்றம் கொண்ட வைரஸ் மருந்து தொடங்கும் முன்பே எங்கேயோ ஒரு மூலையில் பிறந்திருக்கும். டக்லாடாஸ்விர் மட்டும் கொடுத்தால் அது தப்பித்துப் பெருகிவிடும். ஒரே வைரஸில் இரண்டு மருந்தையும் ஏய்க்கும் மாற்றங்கள் ஒன்றுசேர்வது ரொம்பக் கடினம்.

அவருக்குத் தறியை வைத்துத்தான் சொன்னேன். வைரஸ் தன் சரத்தை நெய்யும்போது சோபோஸ்புவிர் போலி எழுத்தாக உள்ளே புகுந்துகொள்ளும், அதற்கு மேல் நூல் ஓடாது. டக்லாடாஸ்விர், என்.எஸ்.5ஏ என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு தறியையே ஒழுங்காகப் பூட்ட விடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊடை அறுந்தா தறி தானா நிக்குமுங்களே, அந்த மாதிரிங்களா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

எந்த ஜோடி என்பதிலும் தேர்வு இருந்தது. சோபோஸ்புவிருடன் டக்லாடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விரும் கொடுக்கலாம். கல்லீரல் சுருக்கம் வந்தவருக்குத் தேசியத் திட்டத்தில் அதுதான். இவருக்கு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 7.9 கிலோபாஸ்கல், பிளேட்லெட் 1.9 லட்சம், சுருக்கம் இல்லை. வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். இவரோ பிரட்னிசோலோனோடு தினமும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போடுகிறவர், அதை நிறுத்தினால் நெஞ்செரிச்சல் தாங்காது. ஆகவே சோபோஸ்புவிர் 400 மி.கி., டக்லாடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். சோபோஸ்புவிரின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் போகும். முன்பு வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே இருப்பவர்களுக்குத் தயங்கிக்கொண்டிருந்தோம், 2019-க்குப் பிறகு அந்தத் தடையும் போய்விட்டது. இவருக்கு அந்தக் கவலையே இல்லை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. ஐரோப்பாவில் சிறுநீரகம் மாற்றிய 114 பேருக்கு சோபோஸ்புவிரும் டக்லாடாஸ்விர் வகையைச் சேர்ந்த லெடிபாஸ்விரும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 12 வாரமே போதும் என்ற தைரியம் அதிலிருந்து எங்களுக்கு வந்தது.

மருந்து தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வந்து மேஜை மேல் கொட்டினார்கள். எவர்சில்வர் டப்பா ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள், பழைய இருமல் மருந்து பாதி. இந்தக் கொட்டிப் பார்ப்பதை நான் எந்த ஸ்கேனுக்கும் மேலாக மதிக்கிறேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமசெபின் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த இரண்டு மருந்தும் ரத்தத்தில் நிற்காது. இதயத்துடிப்புக்கான அமியோடரோன் இருந்தால் சோபோஸ்புவிரோடு சேர்ந்து துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும். அவையெல்லாம் இல்லை. ஆனால் பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாடிய தழை இருந்தது.

"இதென்னம்மா?"

அம்மா கொஞ்சம் தயங்கினார். "கீழாநெல்லிங்க டாக்டருங்க. ஈரல்ல கோளாறுன்னு நீங்க சொன்னீங்கல்ல, வாய்க்கா மேட்டுல பிடுங்கிட்டு வந்து அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தனுங்க. காமாலைக்கு எங்க அப்புச்சி காலத்துல இருந்து அதுதானுங்களே."

"எத்தனை நாளாக் குடுக்கறீங்க?"

"ஒரு பத்துப் பன்னண்டு நாளு இருக்குமுங்க. தப்புங்களா சாமி?"

தன் சிறுநீரகத்தையே எடுத்துக் கொடுத்தவரிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது? தப்பில்லை, ஆனால் இனி வேண்டாம் என்றேன். டாக்ரோலிமஸைக் கல்லீரலிலும் குடலிலும் இருக்கிற ஒரு நொதிதான் கரைக்கிறது. அந்த நொதியின் வேலையில் தலையிடுகிற எதுவும் மருந்தின் அளவை ஏற்றும் அல்லது இறக்கும். பம்ப்ளிமாஸ் பழம் அப்படி ஏற்றும். ஈரோட்டுப் பக்கத்து ஆள் என்பதால் மஞ்சளைப் பற்றியும் கேட்டார்கள். அளவுக்கு மீறி மஞ்சளைச் சாப்பிட்டு டாக்ரோலிமஸ் ஏறிய ஒரு நோயாளியின் குறிப்பைப் படித்திருக்கிறேன். குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயமில்லை, பாலில் கரண்டி கரண்டியாகக் கலக்கிக் குடிக்க வேண்டாம் என்றேன்.

இன்னொன்றும் பேசி வைத்தோம். டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. பட்டறையில் பகல் ஷிப்டு காலை 8-லிருந்து இரவு 8 வரை. தறி ஓடும் சத்தத்தில் போன் அலாரம் கேட்காது. ஆகவே ஷிப்டு மாறுகிற நேரமே மாத்திரை நேரம் என்று ஏற்கெனவே வைத்திருந்தார், புது மாத்திரை இரண்டையும் காலை வேளையோடு சேர்த்தோம். நான் இத்தனை வருஷத்தில் கொடுத்த அட்டவணைகளில் இவ்வளவு ஒழுங்காக நடந்தது இது ஒன்றுதான்.

ஜூன் நடுவில் தொடங்கினோம். அப்போது டாக்ரோலிமஸ் காலை 1.5, இரவு 1.5 மி.கி.

நான்காவது வாரம் ஆர்.என்.ஏ. கண்டறிய முடியாத அளவு. எஸ்.ஜி.பி.டி. 29. அசதி போய்விட்டது, பசி எடுக்கிறது என்றார். ஒரு மாதத்தில் 68 லட்சம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பழகவில்லை. ஆனால் அதே தாளில் டாக்ரோலிமஸ் 5.2. மாத்திரை விட்டீர்களா என்று கேட்டதற்கு எண்ணி வைத்த அட்டையை எடுத்துக் காட்டினார், ஒன்றும் விடவில்லை.

இதுதான் இந்த நிகழ்வில் நான் எழுத வந்த இடம். வைரஸ் மருந்துக்கும் டாக்ரோலிமஸுக்கும் நேரடிச் சண்டை எதுவும் இல்லை என்று எல்லா அட்டவணையும் சொல்லும், அது உண்மைதான். சண்டை வேறு வழியில் வருகிறது. அழற்சியில் கிடக்கிற கல்லீரல் டாக்ரோலிமஸை மெதுவாகத்தான் கரைக்கும். அந்த மெத்தனத்துக்கு ஏற்றபடிதான் நாம் அளவு வைத்திருப்போம். வைரஸ் போனதும் கல்லீரல் சுறுசுறுப்பாகிவிடும், அதே அளவு மாத்திரை இப்போது போதாது. நோய் குணமாவதே இங்கே சிறுநீரகத்துக்கு ஆபத்தாகிறது. கீழாநெல்லியை நிறுத்தியதும் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல வழியில்லை.

காலை 2, இரவு 1.5 என்று ஏற்றினேன். பத்து நாளில் மறுபடி லெவல் பார்க்கச் சொன்னேன். அவர் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "ஆடிப் பதினெட்டு முடிஞ்சு வந்தர்றனுங் சார், ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்" என்றார். பாலத்தைத் தாண்டினால் பவானி கூடுதுறை. அக்கா, மாமா என்று உறவெல்லாம் வீட்டில் வந்து இறங்கும் நாள். அவரைக் குறை சொல்ல முடியாது. எஸ்.ஜி.பி.டி. 29-ஐக் காட்டி, வைரஸ் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டவன் நான்தான். கல்லீரலைப் பற்றி இவ்வளவு பேசியதில் சிறுநீரகம் அவர் மனதில் பின்னால் போய்விட்டது.

ஏழாவது வாரம், ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தார். கிரியாட்டினின் 1.6. டாக்ரோலிமஸ் 3.6.

அன்றே படுக்கையில் சேர்த்தோம். சிறுநீரில் கிருமி இல்லை, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் சரி, மாற்றிய சிறுநீரகத்தைக் கெடுக்கும் பி.கே. வைரஸ் இல்லை, தாயின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. பயாப்சியில் நிராகரிப்பின் விளிம்பு நிலை மாற்றங்கள். மீத்தைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 500 மி.கி. மூன்று நாள் கொடுத்தோம். டாக்ரோலிமஸை 2.5-உம் 2-உம் ஆக்கினோம். வைரஸ் மருந்தை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. இன்டர்பெரான் காலத்தில் இந்த நிலைமை வந்திருந்தால் இரண்டில் ஒன்றைக் கைவிட்டிருப்போம். இப்போது எதிர்ப்பை மேலும் அடக்கினாலும் மாத்திரைகள் தங்கள் வேலையைச் செய்யும், அவை நோய் எதிர்ப்பை நம்பி இல்லை. ஆனாலும் மனது கேட்கவில்லை, எட்டாவது வாரம் மறுபடி ஆர்.என்.ஏ. அனுப்பினேன். இல்லை என்றே வந்தது. ஸ்டீராய்டில் சர்க்கரை 240 வரை ஏறி, பத்து நாள் இன்சுலின் போட வேண்டியிருந்தது.

வார்டில் இருந்தபோது இன்னொரு குழப்பம். ஒரு நாள் லெவல் 14 என்று வந்தது. அளவைக் குறைக்க எழுதப் போன பயிற்சி மருத்துவரை நிறுத்தி, எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று விசாரித்தால், காலை மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. போடுவதற்கு முன் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் சரியான நேரத்தில் எடுத்தோம், 5.5. காலை 2.5, இரவு 2.5 என்று ஏற்றிய பிறகு 6.8-இல் நிலைத்தது. தொடக்கத்தில் நாளுக்கு 3 மி.கி. சாப்பிட்டவர் இப்போது கிட்டத்தட்ட அதே லெவலுக்கு 5 மி.கி. சாப்பிடுகிறார். கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது. பழைய 1.2-க்கு வரவில்லை.

இப்போது இப்படிப்பட்டவர்களுக்கு வைரஸ் மருந்து தொடங்கினால் முதல் எட்டு வாரம் வாராவாரமோ பத்து நாளுக்கு ஒரு முறையோ லெவல் பார்க்கிறேன். முடிந்த பிறகும் ஒரு மாதம் விடுவதில்லை. பணமும் அலைச்சலும்தான். லெவல் சோதனை எல்லா ஊரிலும் கிடையாது, ரத்த மாதிரி கோயம்புத்தூருக்கோ சேலத்துக்கோ போய் வர வேண்டும். வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். வைரஸ் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, அதைச் சுற்றி நடக்க வேண்டிய பரிசோதனைக்குக் கையிலிருந்து போகிறது. இவருக்கு முதலாளி கொஞ்சம் முன்பணம் கொடுத்தார், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

மாற்று அறுவைக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கலாம். அம்மா தயாராக இருந்தார், அவசரமில்லை. டயாலிசிஸில் இருக்கும்போதே 12 வாரம் இதே மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் அறுவைக்குப் போயிருப்பேன். அந்த பயாப்சி ஊசி, மூன்று நாள் ஸ்டீராய்டு, இன்சுலின் எதுவும் இருந்திருக்காது. இறந்தவர் உறுப்புக்காகக் காத்திருப்பவர் என்றால் கணக்கு வேறு, அழைப்பு எந்த நாள் வரும் என்று தெரியாது, அப்போது அறுவைக்குப் பின் கொடுப்பதும் நியாயமே. டயாலிசிஸ் தொடங்கும்போதும் அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சி வைரஸுக்குப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கார்டு டெஸ்ட் போட்டுக் கட்டம் நிரப்பினால் அந்தக் கடமை முடிந்ததாக நாமாக வைத்துக்கொண்டோம். எங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கு இப்போது அறுவைக்கு முந்தின மாதம் ஆர்.என்.ஏ. கட்டாயமாக்கியிருக்கிறோம்.

செப்டம்பரில் 12 வாரம் முடிந்தது. மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. நெகட்டிவ், அதாவது குணமானார். 24 வாரத்திலும் நெகட்டிவ். எஸ்.ஜி.பி.டி. 22, ஃபைப்ரோஸ்கேன் 5.6-க்கு இறங்கியது, கிரியாட்டினின் 1.3, சிறுநீரில் புரதம் இல்லை. ஒரு ஆர்வத்தில் எலிசாவும் மறுபடி போட்டுப் பார்த்தேன். தொற்றி, பெருகி, ஒழிந்தும் போன பிறகும் அது நெகட்டிவ்தான்.

வழக்கமாகக் குணமானவர்களிடம், இனி ஆன்டிபாடி சோதனை வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ் காட்டும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். இவருக்கு அதைத் தலைகீழாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு முறை வந்து போனதால் மறுபடி வராது என்றில்லை. வேறெங்காவது ரத்தமோ ஊசியோ போட்டு மறுபடி தொற்றினால், போகிற இடத்தில் கார்டு டெஸ்ட் போட்டு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அவருடைய மாத்திரை அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: "இவருக்கு ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி எப்போதும் நெகட்டிவ். ஆர்.என்.ஏ. மட்டும் பார்க்கவும்." அடுத்த முறை வந்தபோது அதை லேமினேட் செய்து மஞ்சப்பைக்குள் வைத்திருந்தார். அம்மா அந்தப் பையை என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டினார், "பாத்துக்குங்க டாக்டருங்க, தழை ஒண்ணுமில்லீங்."